சர்க்கரை நோயாளியின் காலைத் தட்டு

வெறும் வயிற்றில் 128. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 246. தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்கள் கொடுக்கும் சீட்டுகளில் இந்த மாதிரி எண்களைத் தினமும் பார்க்கலாம். முதல் எண்ணைக் கண்டு ஆறுதல்படுகிறோம். இரண்டாவது எண்ணுக்காக மாத்திரை கூடுகிறது. இரண்டு எண்களுக்கும் இடையில் நடந்தது ஒரு காலை உணவு: நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காபி. அந்த உணவைப் பற்றி மருத்துவர் அறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் "அரிசியைக் குறைச்சுக்குங்க" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கும்போது அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு வரி பல கேள்விகளாகப் பிரிகிறது. இட்லியே கூடாதா? கேழ்வரகு தோசை ஊற்றலாமா? ஓட்ஸுக்கு மாறிவிடுவதா? பேசாமல் காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டால் என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வயது வந்தோரில் இந்திய அளவில் 11.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏழு பேரில் ஒருவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அது பெரிய காரியம். அந்த மாத்திரையோடு சேர்ந்து தட்டில் என்ன இருக்க வேண்டும் என்ற தெளிவு இன்னும் வந்து சேரவில்லை.

கிடைத்திருக்கும் ஆய்வுகளையும் நம் சமையலறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் தானியம் என்பது இரண்டாவது கேள்வி. தட்டில் தானியம் எவ்வளவு, பருப்பும் முட்டையும் காயும் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. நாம் இருபது ஆண்டுகளாக இரண்டாவது கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மதியம் முழுச் சாப்பாடு சாப்பிட்டாலும் ஏறாத சர்க்கரை, காலையில் மூன்று தோசைக்கு எகிறுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். விடியற்காலை மூன்று நான்கு மணியிலிருந்து உடல் எழுவதற்குத் தயாராகிறது. கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை ஏறுகின்றன. அவை ஈரலைத் தூண்டிச் சேமித்து வைத்த குளுக்கோஸை இரத்தத்தில் விடச் செய்கின்றன. இன்சுலினின் வேலைக்கும் தடை போடுகின்றன. நோயற்றவருக்குக் கணையம் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து அதைச் சமாளித்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கூடுதல் வரத்து இல்லை. போதாக்குறைக்கு, சாப்பிட்ட முதல் சில நிமிடங்களில் கணையம் சடாரென்று விடவேண்டிய முதல் கட்ட இன்சுலின்தான் இரண்டாம் வகை நோயில் எல்லாவற்றுக்கும் முன்னால் பழுதாவது. ஈரல் தன் பங்குக்குக் குளுக்கோஸைக் கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்தப் பக்கம் இட்லியும் வந்து சேர்கிறது. பிரான்சின் மோன்பெலியேவைச் சேர்ந்த லூயி மோனியே இந்த ஏற்றத்தை நுணுகி ஆராய்ந்தவர். மாத்திரையில் இருக்கும் இரண்டாம் வகை நோயாளிகள் பலருக்கு நாளின் மிக உயரமான சர்க்கரை முகடு காலை உணவுக்குப் பிறகே வருகிறது என்பதை அவர் குழு காட்டியது.

கர்ப்பகாலச் சர்க்கரையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்தத் தாய்மார்களுக்கு மதியமும் இரவும் அடங்கியிருக்கும் சர்க்கரை, காலை டிபனுக்குப் பிறகு மட்டும் அடங்க மறுக்கும். அதனால்தான் அவர்களின் உணவுப் பட்டியலில் காலை மாவுச்சத்தை மற்ற வேளைகளைவிடக் குறைத்து, மீதியைப் பத்தரை மணிக்கு ஒரு சிறு உணவாகப் பிரித்துத் தருகிறார்கள். இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வைத்தவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா, அவர் பிறந்த மார்ச் 10ஆம் நாளே இதற்கான தேசிய விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது. காலையில் குறைவாக மாவு, மிச்சத்தைப் பிரித்து என்ற அந்த வழி மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனி இட்லிக்கு வருவோம். வீட்டில் ஊற்றும் நடுத்தர இட்லி 40 கிராம் அளவு இருக்கும். அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 10 முதல் 12 கிராம், புரதம் 2 கிராமுக்குச் சற்றுக் கூடக்குறைய. இரண்டு இட்லி என்றால் 20 கிராமை ஒட்டிய மாவுச்சத்து; இது பயப்படும் அளவே இல்லை. ஐந்து இட்லி என்றால் 55, 60 கிராம். ஓட்டல் இட்லி வீட்டு இட்லியைவிடப் பெரிது என்பதால் அங்கே கணக்கு இன்னும் ஏறும். ஆக, "இட்லி சாப்பிடலாமா" என்ற கேள்விக்கு எண்ணிக்கை சொல்லாமல் விடை சொல்ல முடியாது.

மாவின் உள்ளடக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உளுந்து விலை ஏற ஏற, அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்பது ஐந்துக்கு ஒன்றாகவும் அதற்கு மேலும் நழுவிவிடுகிறது. கடையில் பாக்கெட்டில் வரும் மாவில் எத்தனைக்கு எத்தனை என்று பெரும்பாலும் தெரியாது. உளுந்தில் 100 கிராமுக்கு 23 கிராம் புரதம். தீட்டிய அரிசியில் 8 கிராம் மட்டுமே. மூன்றுக்கு ஒன்று போட்டு அரைத்த வீட்டு மாவும் ஐந்துக்கு ஒன்று போட்ட மாவும் தட்டில் ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும் உடம்புக்கு ஒன்றல்ல. சர்க்கரை உள்ள வீட்டில் இரண்டுக்கு ஒன்று வரை போகலாம். இட்லி அத்தனை பஞ்சாக வராது, தோசை கொஞ்சம் தடிக்கும். கறுப்பு உளுந்தைத் தோலோடு போட்டால் நிறம் மாறும். நார்ச்சத்து கூடுகிறது என்பதால் அந்த நிறத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அரைப்பதும் ஒரு காரணம். தானியம் முழுசாக இருக்கும்போது அதன் மாவுச்சத்து செல் சுவருக்குள் பூட்டிக் கிடக்கும். செரிமான நொதிகள் மெல்ல மெல்லத்தான் உள்ளே போகும். நைசாக அரைத்து, நீர் சேர்த்து வேகவைத்துவிட்டால் அந்தப் பூட்டு திறந்துவிடுகிறது. இடியப்பம், ஆப்பம், புட்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். யாழ்ப்பாணத்துச் சிவப்பரிசி மா இடியப்பத்தில் தவிட்டின் சத்து இருக்கிறது என்பது உண்மை; மாவாக இடித்து, வறுத்து, ஆவியில் அவித்த பிறகு அது சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்று நம்பிப் பத்துத் தட்டு சாப்பிட முடியாது. அங்கே சொதியோடு ஒரு பருப்புக்கறியும் முட்டையும் சேரும்போது கணக்கு மாறுகிறது.

பொங்கலையும் பூரியையும் பற்றி ஒரு எச்சரிக்கை. நெய்யும் எண்ணெயும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அதனால் சரியாக இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் எண் நல்லபடியாகத் தெரியலாம். முகடு அதற்குப் பிறகு வந்து, மதியச் சாப்பாடு வரை இறங்காமல் நிற்கும். "பொங்கல் எனக்கு ஏறவே இல்லை" என்று சொல்பவர்கள் ஒருமுறை மூன்று மணி நேரத்திலும் பார்ப்பது நல்லது.

அடுத்தது சிறுதானியம். 2023ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாம் நகரத்து அலமாரிகளுக்குத் திரும்பியிருக்கின்றன. மானாவாரி நிலத்துக்கும் அந்த விவசாயிக்கும் நல்லது. சுவையும் சத்தும் உண்டு. நானும் அதை விரும்புகிறவன். ஆனால் "சிறுதானியம் சர்க்கரையை ஏற்றாது" என்ற வாசகம் தீங்கு செய்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் 67, சாமையிலும் வரகிலும் 66. நார்ச்சத்தில் வித்தியாசம் பெரிது: அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகில் 11. அந்த வித்தியாசம் மதிப்புள்ளதுதான். ஆனால் முன்பு மூன்று அரிசித் தோசை சாப்பிட்டவர், கேழ்வரகுதானே என்று ஐந்து சாப்பிட்டால் கிடைத்த லாபம் எல்லாம் போய்விடுகிறது.

சிறுதானியத்தை எந்த வடிவில் சாப்பிடுகிறோம் என்பதும் பார்க்கப்படுவதில்லை. நைசாகத் திரித்த கேழ்வரகு மாவைத் தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சி, மெல்லக்கூடத் தேவையில்லாமல் நேரே இறங்குகிறது. சர்க்கரை நோயாளிக்கு என்று அக்கறையோடு வீட்டில் காய்ச்சித் தரும் பெரிய டம்ளர் கஞ்சி பலருக்கு இட்லியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது. பலவகைத் தானியத்தை வறுத்துத் திரித்த சத்துமாவுக் கஞ்சியும் அப்படித்தான். அதில் வெல்லமும் பாலும் சேர்த்தால் சொல்லவே வேண்டாம். அதே கேழ்வரகு கெட்டியான களியாகி, நெல்லிக்காய் அளவு உருண்டையாக, கீரைக் கடைசலும் கொள்ளு மசியலும் சேர்ந்து வந்தால் வேறு உணவு. உடைக்காத சாமையைக் காய் நிறையப் போட்டுக் கிச்சடியாக்கினால் அதுவும் வேறு. அதிகம் தீட்டி வெளுத்த சாமையை வாங்கினால் தவிடு ஆலையிலேயே நின்றுவிட்டது என்று பொருள். கொஞ்சம் மங்கலான, பழுப்பு ஓடிய தானியத்தைத் தேடி வாங்க வேண்டும்.

இந்த விஷயத்தில் அண்மையில் வந்த மிகப் பெரிய சான்று இண்டியாப் ஆய்விலிருந்தே வந்தது. 2025இல் வெளியான அதன் உணவுப் பகுப்பாய்வு, இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிட்டால் மட்டும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காதவரை, சர்க்கரை நோயின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றலில் வெறும் 5 சதவீதத்தைப் பருப்புப் புரதமாகவோ பால் புரதமாகவோ மாற்றினால் அபாயம் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. 2022இல் வந்த அதன் முந்தைய பகுப்பாய்வு, புதிதாக நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கிப் புரதத்தை 19, 20 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும் என்று கணக்கிட்டிருந்தது. இரவில் அரிசியை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் இந்த வரிகளைக் கவனிக்க வேண்டும்.

சென்னையில் அதே அறக்கட்டளை 2014இல் வெளியிட்ட ஒரு சிறு சோதனை இதன் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. எடை கூடிய சிலருக்கு ஐந்து நாள் வெள்ளை அரிசி, ஐந்து நாள் தவிடு நீக்காத அரிசி, ஐந்து நாள் அந்த அரிசியோடு பருப்பு வகை. உடலில் ஒட்டிய கருவி நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்தது. தவிட்டு அரிசியில் ஏற்றம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. பருப்பும் சேர்ந்தபோது 23 சதவீதம். ஆக, முழுத்தானியத்துக்கும் பயன் உண்டு. அளவைக் கட்டிய சோதனை அது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

பருப்பு நம் காலைத் தட்டில் எங்கே இருக்கிறது? சாம்பாரில் இருக்கிறது என்பார்கள். வீட்டுச் சாம்பார் கெட்டியாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் 3 கிராம் புரதம் கிடைக்கலாம். ஓட்டலில் வாளியிலிருந்து ஊற்றும் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. தேங்காய்ச் சட்னியில் கொழுப்பும் கொஞ்சம் நாரும் உண்டு, புரதம் சொல்லும்படி இல்லை. இட்லிப் பொடியில் பருப்பு உண்டு. ஆனால் ஒரு கரண்டிப் பொடியை நம்பி ஒரு வேளையை ஓட்ட முடியாது. நான்கு இட்லி, சட்னி, ஒரு கரண்டி சாம்பார் என்ற வழக்கமான தட்டில் மொத்தப் புரதம் 10, 12 கிராமைத் தாண்டுவதே கடினம். மாவுச்சத்து அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

இந்தத் தட்டைத் திருப்பிப் போடுவதற்கு வெளிநாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். நவராத்திரிக்கு மட்டும் செய்யும் சுண்டலைத் தினமும் காலையில் செய்யலாம். 30 கிராம் கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்தால் காலையில் ஒரு சிறு கிண்ணம் சுண்டல். 5, 6 கிராம் புரதமும் 7 கிராமுக்குமேல் நாரும் கிடைக்கும். தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பச்சைப்பயறு என்று நாளுக்கு ஒன்றாக மாற்றினால் அலுக்காது. வயிறு உப்புகிறது என்பவர்கள் பச்சைப்பயற்றில் தொடங்கலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டி வேகவைத்து, சீரகமும் இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது.

அடை நம்மிடம் உள்ள மிகச் சிறந்த காலைப் பலகாரம் என்பேன். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு எல்லாம் சேர்ந்து அரிசிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ போட்டு, கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையும் வெங்காயமும் அள்ளிப் போட்டு, கொஞ்சம் எண்ணெயில் சுட்ட ஒன்றரை அடை ஒரு வேளைக்குப் போதும். புளிக்க வைக்கக் காத்திருக்க வேண்டாம். ஆந்திரத்துப் பெசரட்டு இன்னும் ஒரு படி மேல்: முழுப் பச்சைப்பயறு, இஞ்சி, பச்சைமிளகாய், அவ்வளவுதான். நம் வீடுகளில் அதில் மொறுமொறுப்புக்காக ஒரு பிடி அரிசி சேர்ப்பார்கள், சேர்க்கட்டும். அதற்குள் உப்புமாவை அடைத்துச் சாப்பிடும் வழக்கத்தை மட்டும் சர்க்கரை உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். அடைக்கு வெல்லமும் அப்படியே.

முட்டை சாப்பிடுபவர்களுக்கு வழி இன்னும் எளிது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார் என்றால் புரதம் 18 கிராமைத் தொட்டுவிடும். மாவுச்சத்து 30 கிராமை ஒட்டி நின்றுவிடும். மஞ்சள் கருவைப் பற்றிய பயம் பலருக்கு இன்னும் உண்டு. கொழுப்பு மிகுந்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் தங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளலாம். முட்டைக்குப் பயந்து நாலாவது தோசையைப் போட்டுக்கொள்வதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தென் மாவட்டங்களில் முந்தைய நாள் மீன்குழம்பைக் காலை இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு. குழம்போடு மீன் துண்டும் தட்டில் விழுந்தால் அதைவிட நல்ல துணை எது?

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. 2015இல் நியூயார்க்கில் அல்பனா சுக்லாவும் அவர் குழுவினரும் மெட்ஃபார்மின் எடுக்கும் 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில், கால் மணி நேரம் கழித்துக் காயும் கோழிக்கறியும். இன்னொரு நாள் தலைகீழாக. காயும் கறியும் முந்திய நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. பதினொரு பேர் மிகச் சிறிய கூட்டம்தான். ஆனால் அதன் பிறகு வேறு இடங்களிலும் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன. நம் வீட்டில் இதற்கு ஒரு பைசா செலவில்லை. இட்லி வேகும் நேரத்தில் சுண்டலையும் முட்டையையும் வெள்ளரிக்காயையும் முடித்துவிட வேண்டும். பசி பாதி அடங்கியிருக்கும். மூன்றாவது இட்லியின் மேல் கை தானாகப் போகாது.

மாவுச்சத்தை அறவே விட்டுவிட்டால்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் லிட்டில் குழுவினர் 2019இல் 23 பேரிடம் பார்த்தார்கள். ஓட்ஸ் கஞ்சியும் பழமும் தந்த நாளைவிட ஆம்லெட் தந்த நாளில் காலை முகடு பெரிதும் தணிந்தது; நாள் முழுக்கச் சர்க்கரையின் ஏற்ற இறக்கமும் குறைந்தது. அதையே 12 வாரம் நீட்டி, நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி அளவில் இரு குழுக்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகத் தெரியவில்லை. காலை ஒரு வேளையைச் சரிசெய்தால் அந்த வேளை சரியாகும். மதியமும் இரவும் பழையபடி இருந்தால் அவற்றின் கணக்கு தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். இட்லியே இல்லாத வாழ்க்கையை ஒரு தமிழ் வீட்டில் எத்தனை ஆண்டு நடத்த முடியும் என்றும் யோசிக்க வேண்டும். நீடிக்காத கட்டுப்பாட்டைவிட நீடிக்கும் இரண்டு இட்லி மேல்.

காலை உணவையே தவிர்ப்பது இப்போது பரவிவரும் யோசனை. இஸ்ரேலின் டேனியலா யாகுபோவிச் 2015இல் 22 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார். காலை உணவை விட்ட நாளில், அதே மதிய உணவுக்குச் சர்க்கரை 37 சதவீதமும் அதே இரவு உணவுக்கு 27 சதவீதமும் கூடுதலாக ஏறியது. முதல் வேளை உணவு கணையத்தை அடுத்த வேளைக்குத் தயார்ப்படுத்துகிறது. அது இல்லாதபோது இரவு முழுக்கத் தேங்கிய கொழுப்பு அமிலங்கள் இன்சுலினுக்குக் குறுக்கே நிற்கின்றன. மொத்த உணவு நேரத்தைச் சுருக்கி எடை குறைத்துப் பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலை உணவை விடவே கூடாது. மாத்திரை கணையத்தைத் தூண்டிக்கொண்டிருக்கும். உள்ளே எதுவும் வராது. வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று லோ சுகர் வந்துவிடும். 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பிஸ்கட்டும் சாக்லேட்டும் உதவாது. கொழுப்பு சேர்ந்ததால் அவை தாமதமாகவே வேலை செய்யும். இரவில் இன்சுலின் போடும் முதியவர்கள் அதிகாலையில் நடக்கப் போய், பால் வாங்கி, பூஜை முடித்து ஒன்பதரைக்குச் சாப்பிட உட்காரும் வீடுகளில் இந்த ஆபத்தை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற பசை நார் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் இரண்டு நிமிடத்தில் வேகும் மசாலா ஓட்ஸ் ஏற்கெனவே பாதி வெந்து நசுங்கியது. அவல்போலத் தட்டிய கெட்டி ஓட்ஸை முட்டையோ பயறோ சேர்த்து உப்புமாவாகக் கிளறலாம். சோள அவலை டொரண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் வகுத்த, உணவு சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் இண்டெக்ஸ் அளவுகோலில் வைத்தால் 80ஐ ஒட்டி நிற்கும்; 70க்கு மேல் போனாலே அது மிகுதி. பெட்டியின் மேல் எந்தப் படம் இருந்தாலும் வாங்க வேண்டாம். பிரவுன் பிரட் என்ற பெயரில் வருவதில் பல, நிறம் ஏற்றிய மைதா. பொருள் பட்டியலில் முதலில் எது இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். பழைய சோற்றில் ஆறிய அரிசியின் ஒரு பகுதி, எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது என்பது சரி. அந்தப் பகுதி சிறியது. கையளவுச் சோறும் மோரும் சின்ன வெங்காயமும் ஒரு கிண்ணம் சுண்டலும் சரி. கும்பா நிறைய என்றால் சோறு சோறுதான். பழமாகச் சாப்பிடும் கொய்யா நல்லது. சாறாகப் பிழிந்த எதுவும் காலையில் வேண்டாம்.

காபியில் போடும் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருப்பட்டியின் மணமும் அதிலுள்ள தாதுக்களும் உண்மை. அது ஏற்றும் சர்க்கரையும் உண்மை. ஆறு மணிக்கு ஒரு காபி, எட்டு மணிக்கு டிபனோடு ஒன்று, பத்தரைக்கு அலுவலகத்தில் ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் மதியத்துக்குள் முப்பது கிராமை நெருங்கிவிடும். வெறும் வயிற்றுக் காபியோடு வரும் இரண்டு மாரி பிஸ்கட்டையும் இதில் சேர்க்க வேண்டும். வெந்தயத்தில் பசை நார் நிறைய உண்டு. ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவுகள் பெரும்பாலும் நாம் ஊறவைத்து விழுங்கும் ஒரு தேக்கரண்டியைவிட மிகுதி. குடிக்கிறவர்கள் குடிக்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் 41 நோயாளிகளிடம், நாளில் ஏதாவது ஒரு நேரம் அரை மணி நடப்பதையும் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டது. பிந்தையதில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு. அதிகாலை நடைப்பயிற்சியை விடச் சொல்லவில்லை. டிபன் முடிந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்து போகிறவர் ஆட்டோவுக்குக் கைகாட்டாமல் இருந்தால் போதும்.

இத்தனை ஆய்வுகளும் சராசரியைச் சொல்கின்றன. உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்பதை வீட்டு குளுக்கோமீட்டர் சொல்லும். தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு காலை உணவு: சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. அளவோடு எழுதிவையுங்கள்: "இட்லி 2, முட்டை 2, சாம்பார்: 118, 156." "ஊத்தப்பம் 3: 121, 232." பெரும்பாலோருக்கு உணவுக்குப் பின் 180க்குள் இருப்பது இலக்கு, தனியே வாழும் முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் அதைத் தளர்த்தித் தருவார். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், முப்பது பேர் காத்திருக்கும் அறையிலும் ஐந்து நிமிடம் உருப்படியான பேச்சு நடக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் நான் மேலே சொன்ன பருப்பையும் முட்டையையும் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைகள் மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப இன்சுலின் போடுகிறவர்கள். அவர்களுக்கு இட்லியைத் தடுப்பதைவிட இட்லியை எண்ணக் கற்றுத்தருவதே தேவை.

இதையெல்லாம் செய்வது யார் என்ற கேள்வி இருக்கிறது. சர்க்கரை வந்தவர் ஆணாக இருந்தால் வீட்டில் அவருக்குத் தனியாக ஒரு அடுப்பு எரிகிறது. வந்தவர் பெண்ணாக இருந்தால் எல்லோருக்கும் சுட்டுக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு மிஞ்சியதைச் சாப்பிடுகிறார். அதற்குள் மாத்திரை எப்போதோ போட்டாகிவிட்டது. தனிச் சமையல் என்ற ஏற்பாடே நீடிக்காது. பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சுண்டலும் அடையும் வீட்டில் எல்லோருடைய தட்டிலும் இருக்க வேண்டியவை.

பணம் என்ற கேள்வியும் இருக்கிறது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். அரிசி அட்டைக்கு மாதந்தோறும் கிடைக்கிறது. பல லட்சம் வீடுகளில் பசியை ஒழித்த திட்டம் அது. அதில் ஒரு மணியையும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே கடையில் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. ஒரு கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் முழுக் குடும்பத்துக்கும் நாளொன்றுக்கு 33 கிராம். அதிலுள்ள புரதம் 7 கிராம், ஒரு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். நாலு பேர் அதைப் பங்கிட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் ஒரு சர்க்கரை நோயாளியிடம் "அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள்" என்று சொல்லும்போது, இலவசமாகக் கிடைப்பதை விட்டு விலைகொடுத்து வாங்க வேண்டியதைச் சாப்பிடச் சொல்கிறோம். காவிரி டெல்டாவில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்து, மண்ணின் மிச்ச ஈரத்திலேயே விளையவைப்பது வெகுகாலப் பழக்கம். அந்தப் பயற்றை நியாயமான விலைக்கு அரசு கொள்முதல் செய்து, அட்டைக்கு மாதம் இன்னும் இரண்டு கிலோ முழுப்பயறு கொடுக்கலாம். மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிற அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை. அதுவரை, மருத்துவர் சீட்டில் எழுதும் காலை உணவு ஏழை நோயாளிக்கு ஒரு மருந்துக்கடைச் செலவாகவே இருக்கும்.